விழுப்புரத்தில் ஏறிய புருவம்

தோழி போன் செய்தபோது நான் ஒரு லாரி ஓட்டுநரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வலி தாங்காமல் பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தவர். ஆள் எப்படியோ அப்படியே பல்லும். அசைந்து கொடுப்பதாக இல்லை. ஒருவழியாக எடுத்து முடித்து, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, தோள் வலியோடு அவளைத் திருப்பி அழைத்தேன்.

"இன்னும் எத்தினி வருசம்டீ இப்படிப் பல்ல புடுங்கிக்கினு இருப்ப?" என்றாள்.

அவளும் பல் டாக்டர்தான். விழுப்புரத்தில் கிளினிக் வைத்திருக்கிறாள். தொண்ணூற்று மூன்றில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்று, விடுதிச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள். நான் திண்டிவனம் என்று சொன்னதும், "அட, நம்ம பக்கம்" என்று தன் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஊறுகாய் எடுக்கப் போனாள். அன்றிலிருந்து அவள் எங்கே கிளம்பினாலும் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலையாகிவிட்டது.

இந்த முறை அவள் கிளம்பியது முகத்துக்குப் போடும் ஊசிகளைக் கற்றுக்கொள்ள. நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ், ஒட்டிப்போன கன்னத்துக்கும் மெலிந்த உதட்டுக்கும் ஃபில்லர். இனிமேல் இதையெல்லாம் பல் டாக்டர்களே தங்கள் கிளினிக்கில் செய்யலாமாம். சென்னையிலிருந்து ஒருவர் வந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் விழுப்புரத்தில் பயிற்சி கொடுக்கிறார் என்றாள். எங்கள் ஊரில் சுருக்கம் என்றால் அது வேட்டியில் இருப்பது, இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்தால் போயிற்று, நெற்றியிலிருப்பதை எடுக்க யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். தெருவுக்குத் தெரு புதுசு புதுசாகப் பல் கிளினிக் திறக்கிறார்கள், நாம் இன்னும் பழைய நாற்காலியில் குனிந்துகொண்டே இருந்தால் முதுகுதான் மிஞ்சும் என்றாள். தவிர, முகத்தில் எந்த நரம்பு எந்தப் பக்கம் போகிறதென்று நம்மைவிட யாருக்குத் தெரியும் என்றும் ஒரு போடு போட்டாள். தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

பயிற்சி நடந்தது விழுப்புரத்தில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில். தை மாதம். கீழே இருந்த பெரிய மண்டபத்தில் ஒரு இரண்டு நாள் கல்யாணம். படி ஏறும்போதே எங்கள் இருவர் மேலும் பன்னீர் தெளித்து, சந்தனத்தை நீட்டி, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று விசாரித்தார்கள். பல் டாக்டருங்க என்று தோழி சொன்னதற்கு, அப்ப மாப்ளை வீடு என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

மேலே ஏழெட்டு மாவட்டத்திலிருந்து பல் டாக்டர்கள் வந்து உட்கார்ந்திருந்தோம். பயிற்சி கொடுக்க வந்த சென்னை டாக்டருக்கு என்ன வயது என்று அந்த இரண்டு நாளும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் பளிங்கு மாதிரி இருந்தது. கழுத்தைப் பார்த்தால் எங்களைவிட மூத்தவர் போல இருந்தது. அவர் நல்ல மனிதர். நிறைய ஜோக்கும் சொன்னார். ஆனால் சொல்லும்போது நெற்றியோ கண்ணோரமோ துளியும் அசையாததால், எது ஜோக், எது பாடம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 'உதட்டில் ரத்தக்குழாய் அடைபட்டால்' என்று அவர் ஆரம்பித்தபோது பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அது ஜோக் இல்லை.

முதல் நாள் முழுக்கப் படம் போட்டு விளக்கினார். புருவத்தை மேலே தூக்குகிற தசை எது, கீழே இழுக்கிற தசை எது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே போகவே கூடாது. எனக்கு உண்மையிலேயே சுவாரசியமாக இருந்தது. இருபது வருஷமாக வாய்க்குள்ளேயே குடியிருந்துவிட்டு, வெளியே வந்து வீட்டின் முகப்பைப் பார்ப்பது போல. சாயங்காலம் ஆளுக்கொரு சாத்துக்குடியைக் கொடுத்து ஊசி போட்டுப் பழகச் சொன்னார். தோழி தன் சாத்துக்குடிக்குப் பேனாவால் கண், மூக்கு வரைந்து, "வலிக்காதுங்க, எறும்பு கடிச்ச மாதிரி" என்று சொல்லிச் சொல்லிக் குத்தினாள்.

அதற்குப் பிறகு, பல் காட்ட வருகிறவர்களிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று நடித்துப் பார்க்கச் சொன்னார். சொத்தைப் பல்லோடு வருகிறவரிடம், ஐயா உங்கள் நெற்றியில் கோடு இருக்கிறது என்று சொன்னால் செருப்பைத் தேட மாட்டாரா என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு டாக்டர் கேட்டார். நேரடியாகச் சொல்லக் கூடாது, கையில் கண்ணாடியைக் கொடுத்து, உங்கள் முகத்தில் எதையாவது மாற்றலாம் என்று தோன்றுகிறதா என்று மெதுவாகக் கேட்க வேண்டும் என்றார் சென்னை டாக்டர். தோழி நோயாளியாக உட்கார, நான் கண்ணாடியைக் கொடுத்துக் கேட்டேன். அவள் வெகு நேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "முகம் கெடக்கட்டும் டாக்டர், வூட்டுக்காரர மாத்தித் தர முடியுமா?" என்றாள். ஹாலே சிரித்தது. சென்னை டாக்டரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் நிஜ முகங்களில் ஊசி போட்டுப் பழகுவதாக ஏற்பாடு. இலவசமாகப் போட்டுக்கொள்ளச் சம்மதித்திருந்த சில பெண்மணிகள் புதுச்சேரியிலிருந்து வருவதாக இருந்தது. வெகு நேரமாகியும் வரவில்லை. உதவியாளர் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து உள்ளே அழைத்திருக்கிறார்கள். இவர்களும் இது நமக்கான உபசாரம் என்று நினைத்துப் போய் உட்கார்ந்து, டிபன் சாப்பிட்டு, முன்வரிசையில் இடம்பிடித்துவிட்டார்கள். உதவியாளர் குனிந்து, மாடியில் ஊசி போடக் காத்திருக்கிறார்கள் என்று காதில் சொல்லவும், வயிறு நிறைந்த நேரத்தில் ஊசி எதற்கு என்று எல்லோரும் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

அப்படியானால் நீங்களே ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் சென்னை டாக்டர்.

தோழியும் நானும் ஜோடி. முதலில் அவள் எனக்குப் போடுவதென்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள். சென்னை டாக்டர் வந்து, என்னை நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்து, வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் போனார். கண்ணாடியில் பார்த்தேன். மார்கழி போன பிறகும் என் நெற்றியில் கோலம் இருந்தது. அவள் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் போட்டுக்கொண்டு வந்தாள். வலி அதிகமில்லை. இடது ஓரத்துக்கு அவள் வந்த நேரம் கீழே கெட்டிமேளம் முழங்கியது. என்ன பழக்கமோ, கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மேளம் நின்றதும் பஞ்சை எடுத்து என் நெற்றியை அழுத்தத் துடைத்தாள். புள்ளிகள் எல்லாம் போயின. முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றாள்.

அடுத்து அவள் முறை. குறித்த அளவுக்கு நான் போட்டு முடித்த பிறகும் ஊசியில் கொஞ்சம் மருந்து மிச்சமிருந்தது. அதைக் கொட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ ஒசந்த மருந்து, அத்தப் போயி கீழ கொட்டுவியா? போடுடீ இங்கயே" என்று நெற்றியைக் காட்டினாள். அவள் சாப்பாட்டுத் தட்டிலும் ஒரு பருக்கை மீதம் வைக்க மாட்டாள். சென்னை டாக்டர் அப்போது ஹாலின் மறுகோடியில் இருந்தார். போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பார்த்தார். அவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். கோபப்படு என்றார். பட்டேன். எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, ஏமாந்துவிட்டாய் என்றார். மருந்து வேலைசெய்யச் சில நாளாகும் என்று சொன்னேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் பல் துலக்கும் முன் ஒருமுறை கோபப்பட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் நெற்றி வழவழவென்று சலவைக்கல் போல இருந்தது. வலது புருவம் அமைதியாகப் படுத்திருந்தது. இடது புருவத்தின் வெளிக்கோடி மட்டும் வில் மாதிரி மேலே ஏறி நின்றது. கையால் கீழே இழுத்தேன், விட்டதும் ஏறியது. 'அப்படியா? நிஜமாகவா?' என்று கேட்கிற ஒரு முகம் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. கெட்டிமேளத்தில் விட்டுப்போனது எந்தப் புள்ளி என்று அப்போது எனக்கு விளங்கிவிட்டது.

சமையலறைக்குப் போய், காபி வேண்டுமா என்று கணவரைக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியவர் என்னையே பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி, சாப்ட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காபிக்குக் கோப்பையை எடுத்தேன்.

"ரெண்டு பரோட்டாதான். நேத்து ஸ்கூல் விட்டு எல்லாரும் விக்கிரவாண்டி போனோம். சால்னா கொஞ்சமாத்தான் ஊத்திக்கினேன்."

அவருக்குச் சர்க்கரை. பரோட்டா பக்கமே போகக் கூடாது. பீங்கான் கோப்பையை வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். நிற்க நிற்க, போன வாரம் சாப்பிட்ட ஜிலேபியும் வெளியே வந்தது.

கிளினிக்கிலும் அதே கதை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன் என்று இருபது வருஷமாக மக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். நானும் தலையாட்டி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாரம் யாராலும் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "ரெண்டு வேளைங்க" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, "காலைல மட்டும்" என்று இறங்கி, "லீவு நாள்ல அதுவும் இல்ல" என்று முடித்தார்கள். மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை போடுகிற விவசாயி ஒருவர் ஈறு வீக்கத்தோடு வந்தார். புகையிலையை விட்டாயிற்றா என்று கேட்டேன். விட்டாச்சு என்றார். நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் வழக்கம்போல மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பங்குச் சாமியார் இளையவர், நன்றாகப் பிரசங்கம் செய்வார். ஒரு புனிதர் காட்டில் ஓநாய்க்குப் புத்தி சொன்ன கதையை அன்று எடுத்திருந்தார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. ஓநாய் பேசியது என்று சொல்ல வந்தவர், பேசுவது போலத் தலையாட்டியது என்றார். அடுத்த முறை பார்த்தபோது ஓநாய் சும்மா நின்றது. கதை சீக்கிரமாக முடிந்து எல்லோரும் விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்தோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது அவரே என்னிடம் வந்து, "புஸ்தகத்துல இருக்கறது கொஞ்சம்தான்மா. மத்தது நான் சேத்துக்கினது" என்றார். நான் பதறிப்போய், பிரசங்கம் நன்றாக இருந்தது ஃபாதர் என்றேன். அவர் நம்பவில்லை.

அன்று மத்தியானம் தோழியை அழைத்துக் கத்தலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே அழைத்தாள். அவளுக்கு வேறு பிரச்சினை. மிச்ச மருந்தையும் வாங்கிக்கொண்ட அவள் நெற்றி மொத்தமாகப் படுத்துவிட்டது. புருவம் இரண்டும் கண்மேல் இறங்கி, எந்நேரமும் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவைத்தவள் போல இருக்கிறாளாம். பிடுங்கிப் போட வேண்டிய பல்லோடு நாற்காலியில் சாய்ந்த ஒரு அம்மாள், நீங்க போய்ப் படுங்க டாக்டர், நான் நாளைக்கு வர்றேன் என்று எழுந்து போய்விட்டாராம். இன்னொருவர் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாராம். "பெரிய பேஜாராப் போச்சுடீ. கண்ண முழிச்சிக்கினு பாத்தாலும் கொட்டாவி வுடுறாங்க எதிர்ல இருக்கறவங்க" என்றாள்.

சென்னை டாக்டருக்கு இருவரும் போட்டோ அனுப்பினோம். அவர் பதறவில்லை. இது நடப்பதுதான், இரண்டு வாரம் ஆனால்தான் மருந்தின் முழு வேலையும் தெரியும், அதன்பின் இடது ஓரத்தில் ஒரு சொட்டுப் போட்டால் புருவம் இறங்கிவிடும், விழுப்புரத்துக்கு அடுத்த பயிற்சிக்கு வரும்போது தானே போட்டுவிடுவதாகச் சொன்னார். தோழிக்கு மருந்தே கிடையாது, தானாகத் தெளிகிறவரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

பொறுத்திருக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். தங்கை என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாப்பிள்ளை வீடு விழுப்புரம், எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். வரனைக் கொண்டுவந்ததே தோழிதான். மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் பல் செட் கட்டியவர். நாளைத் தள்ளிப்போடலாம் என்றால், தவக்காலம் வரப்போகிறது, பிறகு ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவள் நான் உட்காராமலும் இருக்க முடியாது.

அம்மா என் புருவத்தை எப்படி மறைப்பது என்று பெரிய ஆராய்ச்சியே செய்தார். முடியை முன்னால் இழுத்து விட்டுப் பார்த்தார். எனக்கே பயமாக இருந்தது. பிளாஸ்டர் ஒட்டினால் அடிதடிக் குடும்பம் என்று நினைப்பார்கள் என்று அவரே வேண்டாமென்றார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிடேன் என்றார். அப்படிச் சொன்னால் வந்தவர்கள் காபி குடிக்காமலே ஓடிவிடுவார்கள் என்று தங்கை சொன்னாள். கடைசியில், நீ யாரையும் நேராகப் பார்க்காதே, தரையையே பார்த்துக்கொண்டிரு என்று உத்தரவாயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குப் பதிலாக அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, மூன்று பேர். கூடவே கண்கள் பாதி மூடியபடி தோழி. மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்த தோரணையிலேயே பச்சைக் கொடி இருந்தது. என் கணவர் என்ன காரணமோ, வந்தவர்களை வரவேற்றதும் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையும் அவர் பக்கம் திரும்பாமல் மாதாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசரியும் காபியும் வந்தன. தங்கை வந்து வணக்கம் சொல்லி, கதவோரம் நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம்தான் பேச ஆரம்பித்தார். பெரியவர் பேசும்போது முகம் பார்க்காமல் இருப்பது மரியாதையா? தலையை நிமிர்த்தினேன்.

"பையன் மெட்ராஸ்ல பெரிய கம்பெனில இருக்கான்" என்றார்.

சந்தோஷம் என்பதுபோலத் தலையாட்டினேன்.

"பெரிய கம்பெனின்னா, ஓரளவுக்குப் பெரிசு."

இன்னும் அன்பாகத் தலையாட்டினேன். அன்பைக் காட்டக் காட்டப் புருவம் மேலே போனது எனக்கே தெரிந்தது.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இருந்தான்" என்றார்.

நான் அப்பவே சொன்னேன் என்று அவர் மனைவி முணுமுணுத்தார். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். நல்ல உயரம், பார்க்க லட்சணம், காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"நானே சொல்லிடறேங்க" என்றார். "வேலைய வுட்டு ஒரு வருசம் ஆவுது. விக்கிரவாண்டியாண்ட ரோட்டு மேல ஓட்டல் வெச்சிருக்கேன். காலைல இட்லி, பொங்கல். சாயங்காலம் பரோட்டா. நல்லாத்தான் ஓடுது. ஓட்டலுன்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு அப்பா சொல்ல வேணாம்னுட்டாரு."

பரோட்டா என்ற சொல் காதில் விழுந்ததும் ஜன்னலோரம் நின்றிருந்த முதுகு ஒருமுறை குலுங்கியது. என் கணவர் மெல்லத் திரும்பினார். மாப்பிள்ளை உள்ளே நுழைந்த நிமிஷமே இவருக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்கிறது. அவருக்கும் இவரைத் தெரிந்திருக்கிறது. இவர் பரோட்டாவுக்குப் பயந்தும், அவர் ஓட்டலுக்குப் பயந்தும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"சாருக்கு சால்னா கொஞ்சமாத்தான் ஊத்துவேங்க" என்றார் மாப்பிள்ளை என்னைப் பார்த்து. அவ்வளவு நல்ல மனது.

இப்போது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். ஓட்டல் நல்ல தொழில்தானே என்று மனசாரச் சொன்னேன். வாய் சொன்னதை என் புருவம் ஒப்புக்கொள்ளவில்லை போலும். அந்த நேரத்தில் உடைந்தது நான் எதிர்பார்க்காத இடம்.

"கேசரி நாங்க பண்ணல" என்றார் என் அம்மா. "கடைல வாங்கனதுங்க."

"தெரியும்மா" என்றார் மாப்பிள்ளை. "வாயில வெச்சதும் தெரிஞ்சிச்சு. எங்க மாஸ்டரோட அண்ணன் கடை அது."

கதவோரம் நின்றிருந்த தங்கை சிரித்துவிட்டாள். பிறகு அவளும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, தனக்குச் சமையல் வராது, வெந்நீர் வைப்பேன், அதையும் சில நாள் தீயவிட்டிருக்கிறேன் என்றாள். வெந்நீர் எப்படித் தீயும் என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் விளக்கினாள். பாத்திரம் எப்படிக் கறுத்தது என்பதுவரை போனது பேச்சு. இரண்டு பேரும் நாங்கள் அங்கே இருப்பதையே மறந்துபோனார்கள்.

அதற்குமேல் மறைப்பது நியாயமில்லை என்று நான் ஊசி விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். கெட்டிமேளம், விட்டுப்போன புள்ளி, மிச்ச மருந்து எல்லாம். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். "ஊசியா?" என்றார் கடைசியில். "ஆளு வுட்டு விசாரிச்சிக்கினுதான் வந்து ஒக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன் நான்." அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்; இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கலாமோ என்று தோன்றியிருக்கும். அவர் மனைவிக்கோ பெரிய நிம்மதி. உட்கார்ந்ததிலிருந்து தோழி தூங்கி வழிந்ததால், இந்தச் சம்பந்தம் டாக்டரம்மாவுக்கே பிடிக்கவில்லை என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று தோழி கண்ணை விரித்துச் சொல்லிப் பார்த்தாள். விரியவில்லை.

அடுத்த வாரம் விழுப்புரம் போய், சென்னை டாக்டர் கையால் அந்த ஒரு சொட்டைப் போட்டுக்கொண்டேன். சில நாளில் புருவம் இறங்கி மற்றதற்குச் சமமாக வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. கணவர் மறுபடியும் சாயங்காலம் தாமதமாக வர ஆரம்பித்தார். ஆனால் இப்போது சொல்லிவிட்டே போகிறார். மச்சினிக்கு நிச்சயமான மாப்பிள்ளை கடை என்ற உரிமை வேறு.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்து, சாப்பாடு மாப்பிள்ளை ஓட்டல் மாஸ்டர் கையால். கல்யாண ஆல்பத்தில் தோழி இருக்கிற எல்லாப் போட்டோவிலும் தூங்குகிறாள். பந்தியில் வடை கடிக்கும்போதுகூட.

இவ்வளவு பாடுபட்டுக் கற்றதை விடுவானேன் என்று கிளினிக் வாசலில் ஒரு பிளெக்ஸ் வைத்தேன். 'முகச் சுருக்கம் நீக்கப்படும்' என்று எழுதிக் கொடுத்தேன். அடித்தவர் 'முகச்' என்பதை 'முகம்' ஆக்கி, இடம் போதவில்லையென்று 'சுருக்கம்' என்பதைப் பொடி எழுத்தில் நடுவே செருகிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் 'முகம் நீக்கப்படும்' என்று தெரிந்தது. பல் வலியோடு படி ஏற வந்தவர்களும் அதைப் படித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். மூன்றாம் நாளே அதைக் கழற்றி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டேன்.

போர்டு இல்லாமலே முதல் ஆள் வந்தார். மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறவர். சுருக்கத்துக்காக வரவில்லை, மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கிறாராம். மல்லாட்டை உடைக்கிற மெஷினை வீட்டுக்குள்ளேயே போட்ட மாதிரி இருக்குது டாக்டர் என்றார் அந்த அம்மாள். வாயைத் திறந்து பார்த்தேன்; கடைவாய்ப் பற்கள் பாதி தேய்ந்திருந்தன. தாடைத் தசை இரண்டு பக்கமும் கல் மாதிரி புடைத்திருந்தது. இதற்கும் அதே ஊசிதான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நெற்றியைத் தொடாமல், தாடையில் இடமும் வலமும் ஒரே அளவாக, ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்த்துப் போட்டேன். நல்லவேளையாகத் தெருவில் மேளம் எதுவும் அடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் மட்டும் தனியாக வந்தார். முகம் வாடியிருந்தது. என்ன ஆச்சு, வாய் கோணிவிட்டதா, மெல்ல முடியவில்லையா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பல் கடிப்பது சுத்தமாக நின்றுவிட்டது, மனுஷன் பூனை மாதிரி தூங்குகிறார் என்றார்.

"எனக்குத்தான் டாக்டர் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். "இத்தினி வருசம் கேட்டு கேட்டுப் பழகிட்டேன். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கடிக்கற மாதிரி பண்ண முடியுங்களா?"